மிஸ்ஸிங் அடிக்கும் பழைய காரும் பில் கேட்கும் உரிமையும்

மறைமலை நகர் ஆலையில் தயாரான ஃபோர்டு ஐகான் 1999-ல் சந்தைக்கு வந்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்பதைப் படத்தில் மட்டும் பார்த்த பலருக்கு அதன் 1.6 லிட்டர் பெட்ரோல் மாடல்தான் ஸ்போர்ட்ஸ் கார். அப்படிப்பட்ட பழைய வண்டியை ஆசைப்பட்டு வாங்கி நெய்வேலி நகரியத்துக்குள் ஓட்டிவருபவர் முதலில் சொல்லும் புகார், “மிஸ்ஸிங் அடிக்குது, பிக்கப் இல்லை.” பட்டறையில் கிடைக்கும் பதில், “பிளக் மாத்திப் பார்ப்போம்.” அடுத்து காயில், அதற்கடுத்து இன்ஜெக்டர். பார்ப்பது அவர்கள், பணம் உங்களுடையது.

பாகம் மாற்றுவது வேறு, பழுதைக் கண்டுபிடிப்பது வேறு. மிஸ்ஸிங் எப்போது வருகிறது என்பதே பாதி விடை. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் மட்டும் வந்தால் விரிசல் விட்ட பிளக் வயரைச் சந்தேகியுங்கள். ஐடிலிங்கில் மட்டும் என்றால் எங்கோ காற்று கசியலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் என்றால் பிளக், காயில், பெட்ரோல் பம்ப். சுரங்கப் புழுதி என்று ஏர் ஃபில்டர் மேல் பழிபோடுவது சுலபம். அடைத்த ஃபில்டர் இழுவையைக் குறைக்கும், ஒரே ஒரு சிலிண்டரை மட்டும் நிறுத்தாது.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒன்றாம் சிலிண்டர் அடிக்கவில்லை என்றால் அதன் பிளக்கை மூன்றாவதற்கு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பழுதும் கூடவே நகர்ந்தால் குற்றவாளி பிளக். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில் காயிலையும் இப்படியே சோதிக்கலாம். ஸ்கேனர் மாட்ட முடிகிற வண்டியில் பி0301 என்ற குறியீடு பி0303 ஆக மாறுவது கண்ணுக்கே தெரியும். எதை மாற்றியும் நகராவிட்டால் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் சோதிக்காமல் வேறெதுவும் வாங்காதீர்கள். இஞ்சின் ஓடும்போது பிளக் வயரைத் தொட வேண்டாம். அதில் பாய்வது பல்லாயிரம் வோல்ட். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் தள்ளியே நிற்கட்டும்.

‘இன்னும் நாலு நாள் ஓட்டலாம்’ என்று தள்ளிப்போடுவதும் ஆபத்து. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அது பழுக்கக் காய்ந்து உருகிவிடும். இஞ்சின் விளக்கு மினுக்கினால் உடனே ஓரங்கட்டுங்கள், காய்ந்த புல்மேல் மட்டும் வேண்டாம்.

இனி சட்டம். வண்டியை விடும்போதே புகாரையும் செலவு மதிப்பீட்டையும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். பில் தராமலிருப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நியாயமற்ற வணிக நடைமுறை. பழுது தீராமல் பணம் மட்டும் போனால் முதலில் 1915 என்ற தேசிய உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பட்டறை சென்னையிலோ புதுச்சேரியிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

பழைய கார் வியாபாரி பழுதை மறைத்து விற்றாலும் இதே வழிதான். தெரிந்தவரின் சொந்த வண்டியை நேரடியாக வாங்கியவருக்கு மட்டும் இந்த ஆணையம் உதவாது. அவர் வியாபாரி இல்லையே. அங்கே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கம்ப்ரஷன் சோதனை செய்துவிடுங்கள்.