கேம் ஷாஃப்ட் தேய்மானம்: அம்பாசிடர் இன்ஜின் மறைத்து வைக்கும் நோய்

பழைய அம்பாசிடர் கார் டாப் கியரில் ஒரு கிலோமீட்டர் ஓடினால், அதன் இன்ஜினில் உள்ள ஒவ்வொரு வால்வும் ஏறத்தாழ ஆயிரம் முறை திறந்து மூடுகிறது. ஒரு லட்சம் கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் பத்துக் கோடி முறை. அத்தனை முறையும் வால்வைத் தள்ளித் திறப்பது கேம் ஷாஃப்ட் என்னும் ஒற்றை இரும்புத் தண்டு. இவ்வளவு காலம் அது தேயாமல் நிற்பது பெரிய வியப்பு. தேயத் தொடங்கிய பிறகும் வழக்கமான சோதனைகளில் அகப்படாமல் இருப்பது அதைவிடப் பெரிய வியப்பு.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் உருவாகத் தொடங்கியது அம்பாசிடர். 2014 வரை அதன் உற்பத்தி நீடித்தது. பல ஆண்டுகள் அதை இழுத்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சிசி இன்ஜின்தான் இருந்தது. இன்றும் இந்தக் கார்களைப் பேணுவோர் அடிக்கடி சந்திக்கும் சிக்கல்களில் ஒன்று கேம் ஷாஃப்ட் தேய்மானம்.

இந்த இன்ஜினில் கேம் ஷாஃப்ட் பிளாக்கின் உள்ளே படுத்திருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் டைமிங் செயின் இதை ஒரு சுற்று சுற்ற வைக்கும். வால்வுக்கு ஒன்றாக எட்டுக் கேம்கள் இதில் உண்டு. கேமின் குறுக்குவெட்டு ஒரு முட்டையைப் போன்றது: பெரும்பகுதி வட்டம், ஒரு பக்கம் மட்டும் துருத்திய மூக்கு. மூக்கு மேலே வரும்போது அதன்மேல் அமர்ந்திருக்கும் டாப்பெட் உயர்கிறது. டாப்பெட் புஷ் ராடைத் தள்ளுகிறது. புஷ் ராடு ராக்கரை அசைக்கிறது. ராக்கரின் மறுமுனை ஸ்பிரிங்கை அழுத்தி வால்வைத் திறக்கிறது. மூக்கு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும்.

மூக்கு தேய்ந்தால் வால்வு முழுதாகத் திறக்காது. உள்வாங்கும் வால்வானால் அந்த சிலிண்டருக்குப் போதிய கலவை கிடைக்காது. வண்டி மேட்டில் திணறும், பிக்கப் குறையும். வெளியேற்றும் வால்வானால் எரிந்த புகை முழுதும் வெளியேறாமல் உள்ளே தங்கும். அடுத்து உள்வாங்கும் வால்வு திறந்ததும் அந்தப் புகை வந்த வழியே திரும்பி, கார்புரேட்டரில் 'டப் டப்' என்று வெடிக்கும். பி-சீரிஸில் 1, 2ஆம் சிலிண்டர்களுக்கு ஒரே உள்வழி. 3, 4க்கும் அப்படியே. ஆகவே ஒரு சிலிண்டரின் புகை பக்கத்து சிலிண்டரின் கலவையையும் கெடுத்து, எது நோயாளி என்பதையே குழப்பிவிடும்.

இந்த அறிகுறிகளைக் கண்டதும் பலரும் கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள், டைமிங்கைத் திருப்பிப் பார்ப்பார்கள். கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் பெரும்பாலும் நல்ல அளவே வரும். ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினை மெதுவாகத்தான் சுற்றுகிறது. அந்த வேகத்தில் அரைகுறையாகத் திறக்கும் வால்வு வழியாகவும் சிலிண்டர் நிரம்ப நேரம் கிடைத்துவிடும்.

டாப்பெட் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜும் இங்கே கைகொடுக்காது. அந்த இடைவெளியை அளப்பது வால்வு மூடியிருக்கும்போது. அப்போது டாப்பெட் அமர்ந்திருப்பது கேமின் வட்டப் பகுதியில். தேய்வதோ மூக்கு. மூக்கில் ஒரு மில்லிமீட்டர் போயிருந்தாலும் ஃபீலர் கேஜ் சரியான இடைவெளியைத்தான் சொல்லும். டாப்பெட்டின் அடிப்பரப்பும் சேர்ந்து தேய்ந்திருந்தால் மட்டும் இடைவெளி கூடும். இன்று சரிசெய்த டாப்பெட் சில நாளில் மீண்டும் அடிக்கத் தொடங்கினால் அதை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

நோயை உறுதிசெய்ய ஒரே நேர்வழி, வால்வு எவ்வளவு இறங்குகிறது என்பதையே அளப்பது. இதற்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. ராக்கர் கவரையும் பிளக்குகளையும் கழற்றி, முதலில் எட்டு டாப்பெட் இடைவெளிகளையும் ஒரே அளவாக வைக்க வேண்டும். இங்கே 'ஒன்பது கணக்கு' உதவும். 8ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய்யலாம். 7 திறந்திருக்கும்போது 2ஐ. 6 திறந்திருக்கும்போது 3ஐ. எந்த இணையைக் கூட்டினாலும் ஒன்பது வரும். இன்ஜின் எரியும் வரிசை 1-3-4-2 என்பதால், ஒன்றாம், நான்காம் சிலிண்டர்கள் கேம் ஷாஃப்டின் அரைச் சுற்று இடைவெளியில் இயங்குகின்றன. இரண்டும் மூன்றும் அப்படியே. ஒரு வால்வின் கேம் மூக்கைக் காட்டும்போது, இணை வால்வின் கேம் வட்டத்தின் நடுப்பகுதியைக் காட்டுகிறது.

பிறகு டயல் கேஜின் முனையை வால்வு ஸ்பிரிங்கின் தொப்பியில் வைத்து, இன்ஜினைக் கையால் சுற்றி, முழு இறக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1, 4, 5, 8 வெளியேற்றும் வால்வுகள்; 2, 3, 6, 7 உள்வாங்குபவை. ஒவ்வொரு வகையையும் தனக்குள் ஒப்பிட்டால் போதும். மூன்று ஒத்துப்போய் ஒன்று தெளிவாகக் குறைந்தால், குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

இனி, தேய்மானம் எப்படித் தொடங்குகிறது? கேமும் டாப்பெட்டும் தொடுவது மெல்லிய கோடு அளவு இடத்தில். அங்கே சதுர சென்டிமீட்டருக்குப் பல டன் அழுத்தம் விழுகிறது. அதைத் தாங்கவே வார்ப்பின்போது கேமின் மேற்பரப்பைச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குகிறார்கள். அதோடு ஒரு நுட்பமும் உண்டு. தட்டையாகத் தெரியும் டாப்பெட்டின் அடி உண்மையில் மிகமிக இலேசாகக் குவிந்திருக்கும். கேமின் முகமும் இலேசாகச் சாய்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு தள்ளலிலும் டாப்பெட் சிறிது சுழன்று, அடிபடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். குவிவு தேய்ந்து குழிவானால் சுழற்சி நின்றுவிடும். அதன் பிறகு ஒரே தடத்தில் உரசி, மூக்கு விரைவாகக் கரையும். அந்த இரும்புத் தூள் ஆயிலில் கலந்து மற்ற பேரிங்குகளையும் அரிக்கும்.

கடினமான இரும்புக்கு மேலும் ஒரு காவல் ஆயிலிலேயே இருக்கிறது: துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த, சுருக்கமாக ஜிங்க் எனப்படும் வேதிப்பொருள். 1940களில் இதை ஆயில் கெடாமலும் பேரிங் அரிக்காமலும் இருக்கச் சேர்த்தார்கள். தேய்மானத்தைத் தடுக்கும் ஆற்றல் பின்னரே தெரியவந்தது. உராயும் இடத்தில் இது கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாகப் படிகிறது. மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமன்தான். இரும்புக்குப் பதில் அந்தப் படலம் தேய்ந்து, தேயத் தேய மறுபடி உருவாகிறது. ஆனால் பாஸ்பரஸ் புதிய கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும். அதனால் 2004இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்தில், 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்கு அதன் உச்ச அளவு 0.08 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. புதிய இன்ஜின்கள் பலவற்றில் உருளும் பாகங்கள் இருப்பதால் அவற்றுக்கு இது போதும். உரசும் டாப்பெட் கொண்ட பழைய இன்ஜினுக்கு ஜிங்க் கூடுதலாக உள்ள, பழைய கார்களுக்கென்றே விற்கும் ஆயிலே பாதுகாப்பு.

மாற்றுவது பெரிய வேலை. ரேடியேட்டர், ராக்கர் ஷாஃப்ட், புஷ் ராடுகள், டிஸ்ட்ரிபியூட்டரும் அதை ஓட்டும் பல்சக்கரமும், டைமிங் கவர், செயின் எல்லாம் கழற வேண்டும். ஆயில் பம்பையும் கேம் ஷாஃப்டே ஓட்டுகிறது. எனவே சம்பைத் திறந்து பம்பையும் எடுக்க வேண்டும். பிளாக்கின் பக்கவாட்டு மூடிகளைத் திறந்தால் டாப்பெட்டுகள் கைக்கு வரும். கடைசியில் தண்டை முன்பக்கமாக, உள்ளிருக்கும் மூன்று பேரிங்குகளில் கீறல் படாமல் உருவ வேண்டும். இன்ஜினையே வெளியே இறக்கிவிட்டால் இவ்வளவும் எளிது.

புதிய கேம் ஷாஃப்டில் பழைய டாப்பெட்டுகளை ஒருபோதும் போடக்கூடாது. அவை பழைய மூக்குகளின் தேய்மானத்துக்கு ஏற்பப் பழகிப்போனவை. புதியதையும் விரைவில் தின்றுவிடும். எட்டுக் கேம்களிலும் மாலிப்டினம் கலந்த பசையைத் தடவி, டைமிங் சக்கரங்களின் குறிகளை நேர்கோட்டில் நிறுத்திச் செயினை மாட்ட வேண்டும்.

அதன்பின் முதல் இருபது நிமிடம்தான் அந்தக் கேம் ஷாஃப்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இன்ஜின் உயிர்பெற்றதும் 2000 முதல் 2500 சுற்று வேகத்தில் வைத்து, இருபது நிமிடம் ஓடவிட வேண்டும், ஐடிலில் விடக்கூடாது. கேம்களுக்கு வரும் ஆயிலில் பெரும்பங்கு கிராங்க் ஷாஃப்ட் வீசித் தெறிப்பது. ஐடிலில் அந்தத் தெறிப்பு குறைவு. மூக்கின்மேல் ஸ்பிரிங்கின் அழுத்தமோ அப்போதுதான் மிகுதி. வேகம் கூடினால் தெறிப்பு கூடும், மூக்கின் சுமையும் சற்றே குறையும். ஆகவே பெட்ரோல், தண்ணீர், இக்னிஷன் டைமிங் அனைத்தையும் முன்பே சரிபார்த்து, முதல் முயற்சியிலேயே இன்ஜின் பிடிக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டி முடித்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும்.

உங்கள் வீட்டில் அம்பாசிடரோ அதன் வயதுடைய வேறு காரோ இருந்தால், அடுத்த சர்வீஸின்போது மெக்கானிக்கிடம் டாப்பெட் இடைவெளியோடு வால்வு இறக்கத்தையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை அந்த எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். டயல் கேஜில் ஒரு மணி நேர வேலை, இன்ஜின் முழுவதையும் பிரிக்கும் செலவை மிச்சப்படுத்தும்.