கல்லுப்பட்டி ஆடிட்டரும் எங்கள் குதிரைவாலியும்

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். மதுரை மாவட்டத்து எழுமலைப் பக்கத்துப் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் சம்பாதித்து அனுப்பும் பணம் நகையாகும், மனையாகும், சீட்டாகும். நிலத்துக்குத் திரும்புவது சொற்பம்தான். மானாவாரியில் போய்க் காசைப் போடுவார்களா என்பார்கள். ஆனால் கிராமப் பொருளாதாரத்துக்காகவே வாதாடிய ஓர் ஆடிட்டர் எங்கள் பேரையூர் தாலுகாவிலேயே வாழ்ந்திருக்கிறார்.

அவர் ஜே.சி.குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் தணிக்கைப் படிப்பு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். 1929இல் காந்தியைச் சந்தித்தார். 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தினார். கடைசிக் காலத்தில் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்தார். 1960 ஜனவரி 30இல் மறைந்தார், காந்தி மறைந்த அதே தேதியில். நிலக்கரி, பெட்ரோல் போல எடுக்க எடுக்கத் தீர்ந்துபோவது ஒரு வகைச் செல்வம், ஆறு, காடு போல வந்துகொண்டே இருப்பது இன்னொரு வகை என்று பிரித்தவர் அவர். முதல் வகையை நம்பினால் கடைசியில் சண்டைதான் மிஞ்சும் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கை எங்கள் புஞ்சைக்குப் போட்டுப் பார்க்கலாம். கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம் முதல் வகை போல; அதற்கு ஒட்டுவிதை வருஷாவருஷம் கடையில் வாங்க வேண்டும். உரமும் அதிகம் கேட்கும். 2018இல் படைப்புழு வந்தபிறகு மருந்துச் செலவும் சேர்ந்துகொண்டது. குதிரைவாலி இரண்டாவது வகை போல; இந்தச் சிறுதானியத்துக்கு வீட்டு விதையே போதும். புரட்டாசியில் விதைத்தால் மூன்று மாதத்தில் அறுப்பு, தாள் மாட்டுக்கு. மழை கொஞ்சம் ஏமாற்றினாலும் தாங்கும்.

பிறகு ஏன் எல்லோரும் அதை விதைப்பதில்லை? உமிதான் காரணம். குதிரைவாலியின் உமியை நீக்குவது லேசான வேலையில்லை. அதனால் தானியமாகவே மூடை மூடையாக வியாபாரியிடம் போகிறது. அரிசியாகி நகரத்துக் கடைக்கு வரும்போது விலை எங்கோ நிற்கிறது. இடையில் இருப்பது கல் நீக்கும் இயந்திரம், உமி நீக்கும் இயந்திரம், ஒரு கிட்டங்கி. முதலீடு வேண்டியது இங்கேதான்.

தனி ஆளால் முடியாது. 2002இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, விவசாயிகளே பங்குதாரர்களாகும் உற்பத்தியாளர் கம்பெனிக்கு வழி செய்தார்கள். பத்துப் பேர் சேர்ந்தால் பதியலாம். யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு. 2020இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில், விவசாயி போடும் பங்குத்தொகைக்கு இணையாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, கம்பெனிக்கு 15 லட்சம் வரை மானியம் வைத்திருந்தார்கள். ஊர்க்காசை ஊரிலேயே சுழலவிட முடியும் என்பதை, 1990இல் தொடங்கிய களஞ்சியம் பெண்கள் சேமிப்புக் குழுக்கள் மதுரைக்காரர்களுக்கு ஏற்கெனவே காட்டிவிட்டன.

“வட்டி எவ்வளவுண்ணே தருவாங்க?” என்றுதான் முதலில் கேட்பார்கள். வட்டி கிடையாது தம்பி. லாபம் வந்தால் பங்குக்கு ஈவு, கொடுத்த தானியத்துக்கு ஏற்ப போனஸ். நஷ்டம் வந்தால் பங்குப் பணம் போகும். நினைத்தபோது வெளியாளிடம் விற்கவும் முடியாது. இதைச் சொல்லாமல் பங்கு சேர்ப்பவரை நான் நம்பமாட்டேன்.

பங்குக்குப் போகாமல் டெபாசிட்டாக வைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையான டெபாசிட் காப்பீடு மத்திய கூட்டுறவு வங்கிக்கு உண்டு; ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. ஊர்ப்பாசத்தில் மொத்தச் சேமிப்பையும் ஒரே இடத்தில் கொட்டிவிடாதீர்கள்.

விவசாயி அல்லாதவர் விவசாயிகளின் உற்பத்தியாளர் கம்பெனிகளில் பங்குதாரராக முடியாது. மதுரையில் குடியிருப்பவர்கள் வேறொன்று செய்யலாம்: வருஷத்துக்கு வேண்டிய குதிரைவாலி அரிசியை விதைப்புக்கு முன்பே சொல்லிவைத்து, தை மாதத்தில் ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். விவசாயியாக இருந்து பங்கு வாங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் போன வருஷத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.