தாதியியல் ஆய்வில் வினாவின் இடம்

ஆய்வென்பது விடை தேடும் முயற்சி என்பர். ஆனால் விடையின் எல்லை, வினா அமையும் பொழுதே பெரும்பாலும் வகுக்கப்பட்டு விடுகின்றது. வினா எதுவுமின்றித் தலைப்புடன் மட்டும் தொடங்கும் ஆய்வேடுகள் பல. 'பாரதியும் பெண் விடுதலையும்' என்பது தலைப்பு, வினாவன்று. (எமது இலக்கியத் துறையே இக்குறையில் முதன்மை வகிக்கின்றது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.) தாதியியல் போன்று மனித உயிருடன் நேரடித் தொடர்புடைய துறையில் இக்குறையின் விளைவு ஏட்டுடன் நின்றுவிடுவதில்லை.

'தாதியரின் வேலைப்பளு' என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். இதனை வினாவாக்க முனையும் ஒருவர், 'தாதியர் ஏன் தவறிழைக்கின்றனர்?' என்று கேட்கக்கூடும். அவ்வாறு கேட்ட மாத்திரத்திலேயே குற்றவாளி யாரென்பது தீர்மானமாகி விடுகின்றது. தாதியின் பயிற்சி, கவனம், மனப்பாங்கு ஆகியன பற்றியே தரவுகள் திரட்டப்படும். ஓரிரவில் அவர் எத்தனை நோயாளரைப் பராமரித்தார் என்பது வினாக்கொத்தில் இடம்பெறாது. இறுதியில் 'மேலதிகப் பயிற்சி அவசியம்' என்ற பரிந்துரை வரும். நிர்வாகம் அதனை மனமுவந்து ஏற்கும். புதிய நியமனம் எதற்கும் அது செலவிட வேண்டியதில்லையல்லவா?

இதே பொருள் வேறு வகையில் வினவப்பட்டமைக்கு ஐக்கிய அமெரிக்காவில் நல்ல உதாரணம் உண்டு. அங்கு 1990களில் வைத்தியசாலைகள் செலவுக் குறைப்பின் பெயரால் மறுசீரமைக்கப்பட்டன. விடுதிகளில் ஆள் போதவில்லை என்று தாதியர் முறையிட்டனர். முறைப்பாடு முறைப்பாடாகவே இருக்கும்வரை அதனை உழைப்போரின் வழக்கமான புலம்பல் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா எய்க்கனும் அவர்தம் சகாக்களும் அதனை அளக்கத்தக்க வினாவாக மாற்றினர். சத்திரசிகிச்சை பெற்ற நோயாளரிடையே, ஒரு தாதி பராமரிக்கும் நோயாளர் தொகை கூடுதலாக உள்ள வைத்தியசாலைகளில், அனுமதிக்கப்பட்டு 30 நாட்களுக்குள் இறப்போர் கூடுதலாக உள்ளனரா?

இவ்வினாவில் யாரை, எதனை, எதனோடு ஒப்பிட்டு, எப்பெறுபேற்றை, எக்கால எல்லைக்குள் நோக்குவது என்பன யாவும் அடங்கியுள்ளன. 168 வைத்தியசாலைகள், 232,342 நோயாளர், 10,184 தாதியர் என விரிந்த அவ்வாய்வின் முடிவுகள் 2002இல் வெளிவந்தன. தாதி ஒருவருக்கு மேலதிகமாக ஒரு நோயாளர் சேரும்பொழுது இறப்புக்கான வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதுடன் அது தொடர்புற்றிருந்தது. விடுதியின் முணுமுணுப்பு எண்ணாகியது.

நோயாளர், தலையீடு, ஒப்பீடு, பெறுபேறு என்ற நாற்கூற்று வாய்பாடு இன்று மாணவர்க்குக் கற்பிக்கப்படுகின்றது. மங்கலான வினாவைக் கூர்மையாக்க அது உதவும். ஆனால் எதனை எதனோடு ஒப்பிடவேண்டும் என்பதை வாய்பாடு சொல்வதில்லை. 'தவறிழைக்கும் தாதி' பற்றிய வினாவையும் அந்நான்கு கூறுகளுக்குள் அழகாகப் பொருத்திவிடலாம். ஒப்பீட்டைத் தெரிவு செய்வது உழைப்பு எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்டுள்ளது என்பது பற்றிய நோக்கே.

இவ்விடத்து முற்போக்கு வாசகரும் அவசரப்படலாகாது. எய்க்கன் குழுவினர் கண்டது தொடர்பு. அதனைக் காரணமென நிறுவ அவ்வகை ஆய்வினால் மட்டும் இயலாது. தாதியர் தொகை மிகுந்த வைத்தியசாலைகள் பிற வகைகளிலும் சிறந்திருக்கலாம். அதனாலேயே அவர்கள் வைத்தியசாலையின் பருமன், போதனை நிலை, தொழினுட்ப வசதி, நோயாளரின் நிலைமை ஆகியவற்றையும் கணக்கிற் கொண்டனர். 'ஆட்குறைப்பு உயிர் குடிக்கின்றது' என்பது சுலோகம். 'இல்லை' என்ற விடைக்கும் இடமளிப்பதே ஆய்வு வினா. முதலாவதன் மீதுள்ள பற்று இரண்டாவதைத் தளர்த்திவிடுமாயின் நட்டமடைவோர் தாதியரே. பலவீனமான வினாவின் விடையை எதிர்த்தரப்பு ஒரு நாளிற் தகர்த்துவிடும்.

விடை கிடைத்ததும் வினா மாறுகின்றது. கலிபோர்னியா மாநிலம் 1999இல் இயற்றிய சட்டத்தின்படி 2004 முதல் தாதி–நோயாளர் விகிதத்துக்கு வரம்பு நடைமுறைக்கு வந்தது; 2005 முதல் பொது மருத்துவ, சத்திரசிகிச்சை விடுதிகளில் தாதி ஒருவருக்கு ஐந்து நோயாளருக்கு மேற் கூடாதென்றாயிற்று. இப்பொழுது, சட்டம் உள்ள மாநிலத்தையும் அது இல்லாத மாநிலங்களையும் ஒப்பிட்டு வினவ முடிந்தது. எய்க்கன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு கலிபோர்னியாவை நியூ ஜேர்சியுடனும் பென்சில்வேனியாவுடனும் ஒப்பிட்டது. பொது மருத்துவ, சத்திரசிகிச்சை விடுதிகளில் கலிபோர்னியத் தாதி ஒருவர் பராமரித்த நோயாளர் தொகை சராசரியாக இரண்டு குறைவாயிருந்தது.