டிக் அடித்த வேலை எங்கே போகிறது?

தானாக நடக்கும் அலுவலகம் – 9

மின்னஞ்சலில் வரும் இன்வாய்ஸ்களை ஷேர்பாயின்ட் ஃபோல்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஃப்ளோவைச் சென்ற வாரம் முடித்தோம். அதில் ஒரு பக்கம் கொடுத்தது, மறுபக்கம் வாங்கிக்கொண்டது. இந்த வாரம் இரண்டு பக்கமும் பேசியாக வேண்டும். இரண்டுக்கும் வேறு வேறு சொந்தக்காரர்கள் என்பதுதான் சிக்கல். விற்பனைப் பிரதிநிதியின் கைப்பேசியில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் டு டூ என்ற வேலைப் பட்டியல் ஒரு பக்கம். நிறுவனத்தின் விற்பனை மென்பொருளான டைனமிக்ஸ் 365 சேல்ஸ் மறுபக்கம். நடுவில், ஃப்ளோக்களைக் கட்டித்தரும் பவர் ஆட்டோமேட்.

இந்த இணைப்பு எதற்கு? வாடிக்கையாளரைச் சந்தித்துவிட்டு வெளியே வரும் பிரதிநிதி, ‘வெள்ளிக்கிழமைக்குள் கொட்டேஷன் அனுப்பணும்’ என்று விற்பனை மென்பொருளில் பதிகிறார். மறுநாள் காலையில் அவர் திறந்து பார்ப்பது அதையல்ல, தன் பட்டியலை. அதிலும் கையால் எழுதி வைத்திருந்தால் கொட்டேஷன் போய்விடும், அங்கே ஒரு டிக்கும் விழுந்துவிடும். மேலாளரின் திரையில் மட்டும் அந்த வேலை கெடு தாண்டியதாகவே நிற்கும். செய்து முடித்த வேலைக்காக வாராந்திர மீட்டிங்கில் ஒருவர் திட்டு வாங்குவது பெரிய அநியாயம். விற்பனைத் துறையில் அது சர்வசாதாரணமாக நடக்கிறது.

டு டூ எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். பெர்லினில் இருந்த 6வுண்டர்கிண்டர் என்ற சிறு நிறுவனம் வுண்டர்லிஸ்ட் என்ற செயலியைச் செய்தது. 2015-ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2017-ல் டு டூவை வெளியிட்டது. 2020 மே 6-ம் தேதி வுண்டர்லிஸ்ட்டை மூடியது. மூடுவதற்கு முந்தைய ஆண்டு, அதன் நிறுவனர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ரேபர், ‘எனக்கே திருப்பி விற்றுவிடுங்கள்’ என்று ட்விட்டரில் வெளிப்படையாகக் கேட்டார். வேலைப் பட்டியல் தனிமனிதரின் சொந்தப் பொருளாகப் பிறந்தது, அதனால்தான் அதன்மேல் அவ்வளவு பற்று. விற்பனை மென்பொருளோ நிறுவனத்துக்காகப் பிறந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டே மற்றதைப் படியுங்கள்.

ஃப்ளோவில் கை வைப்பதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். டைனமிக்ஸில் சர்வர்-சைடு சிங்க் என்றொரு வசதி உண்டு. உங்கள் நிர்வாகி அதை இயக்கி, உங்கள் அஞ்சல் பெட்டியையும் இணைத்திருந்தால், டைனமிக்ஸ் வேலைகள் அவுட்லுக்குக்கு வரும். அவுட்லுக் வேலைகள் டு டூவில் தெரியும். அதுவே போதுமென்றால் நீங்கள் எதையும் கட்ட வேண்டாம். எல்லா வேலையும் வேண்டாம், சிலது மட்டும் தனிப் பட்டியலில் வாடிக்கையாளர் பெயரோடு வர வேண்டும் என்பவர்களுக்குத்தான் ஃப்ளோ.

முதலில் மேலிருந்து கீழே, அதாவது டைனமிக்ஸிலிருந்து டு டூவுக்கு. டைனமிக்ஸின் தரவு டேட்டாவெர்ஸ் என்ற கிடங்கில் இருக்கிறது. அங்கே ஒரு வரி சேர்ந்தாலோ, மாறினாலோ, அழிந்தாலோ ஃப்ளோவைக் கிளப்பிவிடும் டிரிகர் தயாராக இருக்கிறது. ‘டாஸ்க்’ அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, டு டூவில் புதிய வேலை சேர்க்கும் கட்டத்தை அடுத்து வைத்தால் ஃப்ளோ ஓடும். கூடவே வாடிக்கையாளர் விவரத்தை எடுத்துவரும் ஒரு கட்டத்தையும் இடையில் போட்டுவிடுங்கள். வெறும் ‘கொட்டேஷன் அனுப்பு’ என்று பத்து வரி வந்தால் எது யாருக்கு என்று யாருக்குத் தெரியும்?

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். டு டூவை ஃப்ளோவோடு இணைக்கும் கனெக்டர், அதில் யார் உள்நுழைந்தாரோ அவருடைய பட்டியலில் மட்டுமே எழுதும். மேலாளர் தன் கணக்கில் ஃப்ளோ செய்து, குழுவில் உள்ள எல்லோருக்கும் வேலை போகும் என்று காத்திருந்தால், எல்லாம் அவருடைய பட்டியலில்தான் வந்து குவியும். ஒவ்வொருவரும் தன் கணக்கில் ஃப்ளோவை வைத்துக்கொண்டு, டிரிகரின் ஸ்கோப்பை ‘யூசர்’ என்று மாற்றினால் அவரவர் பெயரில் உள்ள வரிகளுக்கு மட்டும் அது கிளம்பும். குழு பெரிதென்றால் இன்னொரு வழி நல்லது. ஒரே ஃப்ளோ மைக்ரோசாஃப்ட் பிளானரில் வேலையை எழுதி, உரியவருக்கு ஒதுக்கட்டும். பிளானரில் ஒருவருக்கு ஒதுக்கிய வேலை, அவருடைய டு டூவில் ‘எனக்கு ஒதுக்கியவை’ என்ற பகுதியில் தானாகவே தெரியும். ஐந்து பேருக்கு மேல் இருக்கும் குழுவுக்கு நான் இதையே சொல்வேன்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை: டு டூ கனெக்டர் சாதாரண வகை, டேட்டாவெர்ஸ் கனெக்டர் பிரீமியம் வகை. உங்கள் உரிமத்தில் அது அடங்குமா என்று நிர்வாகியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி கீழிருந்து மேலே. டு டூவில் டிக் விழுந்ததும் டைனமிக்ஸில் அதே வேலை முடிந்ததாக மாற வேண்டும். ‘அதே வேலை’ எது என்று ஃப்ளோவுக்கு எப்படித் தெரியும்? தலைப்பை வைத்துத் தேடினால், ஒரே தலைப்பில் இரண்டு வேலை இருக்கும் நாளில் தவறான வாடிக்கையாளரின் வேலை முடிந்துபோகும். ஆகவே டு டூவில் வேலையை உருவாக்கியதுமே அதன் அடையாள எண்ணை வாங்கி, டைனமிக்ஸ் வரியில் தனியாக ஒரு நெடுவரிசை சேர்த்து அதில் எழுதி வையுங்கள். திரும்பி வரும்போது அந்த எண்ணைத் தேடிப் பிடித்து, நிலையை ‘முடிந்தது’ என்று மாற்றினால் போதும்.

எண்ணை எழுதுவதும் அந்த வரியில் ஒரு மாற்றம்தானே! மாற்றம் நடந்தால் டிரிகர் மறுபடி கிளம்பும், மறுபடி எழுதும், அது மறுபடி கிளப்பும். இரண்டு ஃப்ளோக்கள் ஒன்றையொன்று கிளப்பிவிட்டுக்கொண்டு இரவெல்லாம் ஓடுவது இப்படித்தான். இதற்கு மருந்து டிரிகரிலேயே இருக்கிறது. எந்த நெடுவரிசைகள் மாறினால் கிளம்ப வேண்டும் என்று அங்கே குறிப்பிடலாம். தலைப்பு, கெடு தேதி என்று இரண்டை மட்டும் கொடுங்கள். டு டூ பக்கத்திலும் வேலை ‘முடிந்தது’ என்ற நிலையில் இருந்தால் மட்டுமே மேலே போகும்படி ஒரு நிபந்தனை வையுங்கள்.

அடுத்தது நம் நாட்டில் வரும் ஒரு தொல்லை. டேட்டாவெர்ஸ் நேரத்தை உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் வைத்திருக்கிறது. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். 12-ம் தேதி நள்ளிரவு 12 மணி என்று நாம் வைத்த கெடு, உள்ளே 11-ம் தேதி மாலை 6.30 ஆகப் பதிவாகிறது. டு டூவின் கெடுவில் நாள் மட்டும்தான் உண்டு, மணி கிடையாது. அப்படியே அனுப்பினால் 11 என்று காட்டும். அதே கெடுவைக் காலை 8 மணி என்று வைத்திருந்தால் யு.டி.சி.யில் 2.30 ஆகும், தேதி மாறாது. அதனால்தான் சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருந்து, பிறகு சில வேலைகள் மட்டும் ஒரு நாள் முந்திக்கொள்கின்றன. நேர மண்டலத்தை மாற்றும் கட்டம் பவர் ஆட்டோமேட்டிலேயே உண்டு. டு டூவுக்கு அனுப்புமுன் இந்திய நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். இதைச் சோதிக்க நள்ளிரவுக் கெடு ஒன்றையும் வைத்துப் பாருங்கள்.

ஃப்ளோ எப்போது ஓடியது, எங்கே நின்றது என்ற பதிவு 28 நாள்தான் இருக்கும். கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் இணைப்பு அறுந்துபோகலாம். வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது. மேலே போகும் ஃப்ளோவை டு டூவில் ‘விற்பனை’ என்று தனியாக வைத்த ஒரு பட்டியலோடு மட்டும் கட்டுங்கள். எல்லாப் பட்டியலையும் திறந்துவிட்டு, அங்கே புதிதாக எழுதுவதையெல்லாம் டைனமிக்ஸில் ஏற்றும் ஃப்ளோவைச் செய்வதும் எளிதுதான். செய்தால், ‘அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும்’ என்று ஒருவர் எழுதிய வரி நிறுவனத்தின் பதிவேட்டில் போய் உட்காரும். அதை மேலாளர் படிக்கலாம், எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும் அது அங்கேயே இருக்கும். கீழே வருவது நிறுவனத்தின் வேலை, மேலே போவது ஒரு டிக். அதற்கு மேல் ஒரு எழுத்தும் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குழுவுக்காக இதைக் கட்டப்போகும் மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். திரையைத் திறக்குமுன் உங்கள் பிரதிநிதிகளை உட்காரவைத்து, தங்கள் பட்டியலிலிருந்து எது மேலே போகலாம், எது போகக் கூடாது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்ததை மட்டும் இணையுங்கள்.