வலையும் வாக்கும்

கூட்டுறவு என்னுஞ் சொல்லிற் கூட்டும் உண்டு, உறவும் உண்டு. பலர் சேர்வது கூட்டு. சேர்ந்தோர் ஒருவரையொருவர் பேணுவது உறவு. உறவு தேய்ந்து கூட்டு மட்டும் நிலைக்குமாயின், எஞ்சுவது பெயர்ப்பலகை ஒன்றேயாம்.

1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 28 பேர் கூடிச் சிறுகடை யொன்றைத் திறந்தனர். அவர்வழி வந்த நெறிகளுள் தலையாயது, பங்குப்பணம் எத்துணையாயினும் ஒருவர்க்கு ஒரு வாக்கே என்பது. இவ்விதியின் அருமையைத் திருகோணமலைக் கடற்கரையிலே தெளிவாக உணரலாம். கரைவலைத் தொழிலில் வலையும் தோணியும் உடையவர் சம்மாட்டி. மீன் விற்ற பணத்தில் வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கு ஒருபுறம். கயிறு இழுத்த கைகளுக்குரிய பங்கு மறுபுறம். உடைமைக்கேற்ற ஊதியம் என்பதே அங்கு வழமை. ஆனால், அவ்விருவரும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் அமரும்போது, இருவர் வாக்கும் ஒரே நிறையுடையன.

ஏட்டில் இஃது அரும்பெரும் மாற்றமே. நடப்பிலோ? வாடைக்காற்றுக் காலத்தில் அடுப்பெரிய முன்பணம் பெற்றவன், பொதுக்கூட்டத்திலே கடன் கொடுத்தவர் முகத்தெதிரே கை உயர்த்துவானா? வாக்குரிமைக்கு முன்னர் வேண்டப்படுவது கடனின்மை. இலங்கையிற் கூட்டுறவு இயக்கம் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நாணய சங்கமாகத் தொடங்கியதும் இது கருதியே.

நிற்க. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவுப் பங்கீட்டின் பொருட்டு ஊர்தோறும் பண்டகசாலைகள் எழுந்தன. 'சங்கக்கடை' வீட்டுச்சொல்லாயிற்று. எனினும், கூப்பன் அரிசிக்காக வந்தோர் பலர் தம்மை வாடிக்கையாளர் என்று எண்ணினரேயன்றி, உரிமையாளர் என்று எண்ணினாரல்லர். 1971ஆம் ஆண்டிற் சிறு சங்கங்கள் இணைக்கப்பட்டு, நாடெங்கும் ஏறக்குறைய 370 பெருஞ்சங்கங்களாயின. இயக்குநரை நியமிக்கும் அதிகாரம் அரசின் கைக்குச் சென்றது. உறுப்பினர்க்கும் சங்கத்துக்கும் இடையே கிளைக்குழு, பேராளர், இயக்குநர் சபை எனப் படிகள் பல தோன்றின. தன் சங்கத்தலைவரை முகமறியாத உறுப்பினன் அவரிடம் கணக்குக் கேட்பது எங்ஙனம்?

சிறுசங்கங்களும் ஊர்ப்பெரியோர் நால்வர் கையில் அடங்கிக் கிடந்தனவே எனச் சிலர் கூறுவர். அதுவும் மெய்யே. ஆயினும், அந்நால்வரைத் தெருவிலே மறித்துக் கேள்வி கேட்கும் வாய்ப்பாவது அன்று இருந்தது. அனைத்துலகக் கூட்டுறவு இணைப்பகம் 1995ஆம் ஆண்டில் தன்னாட்சியைத் தனியொரு நெறியாக வகுத்துரைத்ததும், அரசின் அரவணைப்பே பிடியாக இறுகுவதைப் பல நாடுகள் பட்டறிந்த பின்னரேயாம்.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் அடுத்தடுத்து வாழும் இத்துறைமுக மாவட்டத்திலே, மூவரும் ஒரு மேசையைச் சுற்றி ஒரே கணக்கேட்டைப் புரட்டக்கூடிய இடங்கள் மிகச் சில. கூட்டுறவுச் சங்கம் அவற்றுள் ஒன்று. அதனை இழத்தல் அரிசிக்கடை ஒன்றை இழத்தலினும் பெரிய இழப்பாகும்.

ஆசிரியர்களே, பாடசாலைக் கூட்டுறவுக் கடையின் கணக்கை ஆண்டுக்கொரு முறை மாணவரே வாசிக்கட்டும், மாணவரே வினவட்டும். வினவப் பழகிய நாவே பின்னாளில் வாக்கின் பயனை அறியும்.