பிக்காசா போகட்டும், பெயர்கள் போக வேண்டாம்

கெடாவில் பல வீட்டுக் கணினிகளில் பிக்காசா இன்னும் இருக்கலாம். கூகள் அதை 2016 மார்ச்சில் கைவிட்டது. படங்களுக்கு ஆபத்தில்லை, பெயர்களுக்குத்தான். லயத்து வாசலில் எடுத்த பழைய படத்தைப் பார்த்து பாட்டி சொல்லச் சொல்ல நாம் தட்டிய பெயர்கள், பெரும்பாலும் படத்துக்குள் இல்லாமல் தனிக் கோப்பில் கிடக்கும். மென்பொருள் மாறினால் அவை உடன் வராது. தோட்டத்து ஆட்கள் சுங்கை பட்டாணி, கூலிம் என்று சிதறிவிட்டார்கள். இனி யாரைக் கேட்பது?

பிக்காசாவை நீக்குமுன் படங்களுக்கு ஒரு நகல் எடுங்கள். பிறகு டூல்ஸ் பட்டியலின் எக்ஸ்பெரிமென்டல் பகுதியில், முகப் பெயர்களைப் படத்திலேயே எழுதும் கட்டளையை இயக்குங்கள்.

மாற்றாகப் பலரும் எடுப்பது கூகள் போட்டோஸ். கைப்பேசிக்கு வசதிதான். இலவச இடமோ மின்னஞ்சலையும் சேர்த்து 15 ஜிபி. அங்கே இடும் முகப்பெயர் படத்தோடு இறங்காது. என் தேர்வு டிஜிகேம். இலவசம், பெயரைப் படத்துக்குள் எழுதும். பழகத்தான் பொறுமை வேண்டும். பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்தே தொடங்குங்கள்.