தோம்பு போனது, ஆபத்து போகவில்லை

பட்டறையில் இரண்டு கேஸ் தோம்புகள் நின்றால் எல்லாருக்கும் உள்ளூர ஒரு பயம் இருக்கும். குழாயில் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். பக்கத்தில் சிகரெட் பற்ற வைப்பவரை வெளியே அனுப்புவார்கள். அந்தப் பயம் பல உயிர்களைக் காத்திருக்கிறது.

மலாக்காவில் கேட், கிரில் செய்யும் பட்டறைகளிலும், லோரிக்குப் பெட்டி கட்டும் இடங்களிலும், செம்பனை ஆலைகளின் பழுதுபார்ப்புக் கொட்டகைகளிலும் அந்தத் தோம்புகள் இருந்த இடத்துக்கு இப்போது பிளாஸ்மா இயந்திரம் வருகிறது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய பெட்டி. மின்சாரத்தைக் கொடுத்து, கம்பிரசரிலிருந்து காற்றை இணைத்தால் போதும். தோம்பும் இல்லை, பெரிய சுவாலையும் இல்லை. ஆகவே கேஸை விட இது பாதுகாப்பு என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. கேஸ் கற்றுக்கொடுத்த எச்சரிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இயந்திரத்தைத் தொடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

கேஸ் கட்டிங் இரும்பை எரிக்கிறது. சுவாலை இரும்பைச் சிவக்கக் காய்ச்சும். அதன்மேல் ஆக்சிஜன் பாய்ந்ததும் இரும்பே எரிபொருளாகி எரிந்து ஓடும். எரியாத உலோகத்திடம் இந்த வழி பலிக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம் ஆக்சிஜனைத் தடுத்துவிடும். அலுமினியத்திலும் அதே சிக்கல். இந்தத் தடையைத் தாண்டத்தான் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் ராபர்ட் கேஜ் 1950-களில் ஒரு வழி கண்டார். 1957-இல் காப்புரிமை கிடைத்தது. ஆர்க் எனப்படும் மின்வில்லை ஒரு சின்னத் துளை வழியே நெருக்கி அனுப்புவது அவர் வழி. ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிடுவதுபோல, நெருங்கிய மின்வில்லில் சூடேறிய காற்றின் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து பிளாஸ்மாவாகிப் பாய்கின்றன. வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸைத் தொடும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். மின்சாரம் கடத்தும் எந்த உலோகமும் இதன் முன் உருகி வழியும்.

மின்சாரம் கடத்தும் உலோகம் என்பதில்தான் முதல் ஆபத்து இருக்கிறது. டார்ச்சிலிருந்து புறப்படும் மின்னோட்டம் வெட்டப்படும் தகட்டுக்குள் புகுந்து, எர்த் கிளிப் வழியாக இயந்திரத்துக்குத் திரும்புகிறது. சாதாரண வெல்டிங் இயந்திரத்தில் வில் எரியாதபோது 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கும். பிளாஸ்மாவில் 200-க்கு மேல், சிலவற்றில் 300-ஐயும் தாண்டும். கேஸ் டார்ச்சின் முனையைக் கைவாக்கில் கழற்றி மாட்டிப் பழகியவர் இங்கேயும் அப்படியே செய்யப் போவார். சுவரில் சுவிட்சை அணைத்த பிறகே நாசிலைத் தொட வேண்டும். முனை சரியாகப் பொருந்தாவிட்டால் மின்சாரம் வராதபடி தடுக்கும் அமைப்பு பல டார்ச்சுகளில் உண்டு. தொந்தரவு என்று அதை ஒயர் போட்டு ஏமாற்றுவது உயிரோடு விளையாடுவது. எர்த் கிளிப்பைத் துருவும் பெயிண்டும் சுரண்டிய இடத்தில், வெட்டி விழப்போகும் துண்டில் அல்லாமல் நிற்கப்போகும் துண்டில் மாட்ட வேண்டும்.

நம் ஊர்ப் புழுக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. காய்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். வியர்த்த தோலில் அந்தத் தடை பல மடங்கு குறைந்துவிடும். மதிய வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, நனைந்த சட்டையும் ஜப்பான் சிலிப்பருமாக வேலை செய்பவரின் உயிரைப் பறிக்க 200 வோல்ட் தாராளமாகப் போதும். காய்ந்த தோல் கையுறையும் ரப்பர் அடிப்பாகம் கொண்ட பூட்சும் வேண்டும். மழைநீர் தேங்கிய தரை கூடவே கூடாது. இதே ஈரம் கம்பிரசர் தொட்டிக்குள்ளும் தண்ணீராகச் சேரும். அதைத் தினமும் வடிக்காவிட்டால், டார்ச்சுக்குள் இருக்கும் செப்பு மின்முனையின் நுனியில் பதித்த ஹாஃப்னியம் சீக்கிரம் கரைந்து குழி விழும். வில் கோணலாகும், நாசில் உருகும். அடிக்கடி நாசில் மாற்றுபவர்கள் முதலில் தொட்டித் தண்ணீரைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது வெளிச்சம். மின்வில் வீசும் புற ஊதாக் கதிர், கருவிழியின் மேல் தோலைச் சுட்டுவிடும். சுட்ட நேரத்தில் ஒன்றும் தெரியாது. ஆறு, எட்டு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், கண்ணில் மணல் கொட்டியதுபோல எரியும். கண்ணில் உருளைக்கிழங்கு வில்லை வைக்கும், தாய்ப்பால் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. புண்ணான விழியில் அவை கிருமியைக் கொண்டு சேர்க்கலாம். கிளினிக்குக்குப் போனால் ஓரிரு நாளில் ஆறிவிடும். கேஸ் கண்ணாடி கண்ணை மட்டும் மூடும், முகத்தை விட்டுவிடும். பிளாஸ்மாவுக்கு முகம் முழுவதும் மறைக்கும் கவசம் தேவை. வில் நேராகத் தெரியும்படி வெட்டினால் 8 அல்லது 9 எண் கறுப்புக் கண்ணாடி நல்லது. பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் தகடு கதிரைத் திருப்பி அடிக்கும் என்பதால், பக்கத்தில் சும்மா நின்ற பையனும் மாட்டிக்கொள்வான். நடுவே ஒரு தடுப்புத் திரை கட்டுங்கள்.

புகையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். தாமான் வீடுகளில் ஸ்டெயின்லெஸ் கேட் வைக்கும் ஆசை நமக்கு அதிகம். அந்தத் தகட்டைப் பிளாஸ்மாவால் வெட்டும்போது ஆறு இணைதிறன் குரோமியமும் நிக்கலும் புகையில் கலக்கின்றன. முன்னது நுரையீரல் புற்றுநோய் தருவது. கால்வனைஸ் குழாயை வெட்டினால் துத்தநாகப் புகை. அன்றிரவு குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பால் போவது வயிற்றுக்கு, புகை போனது நுரையீரலுக்கு. வாயில் கட்டும் துணியும் இவ்வளவு நுண்ணிய துகளைத் தடுக்காது. வெட்டும் இடத்திலேயே புகையை உறிஞ்சும் கருவி வேண்டும். குறைந்தது திறந்த வெளியும், முகத்தோடு இறுகப் பொருந்தும் வடிகட்டி முகமூடியும் வேண்டும். மின்விசிறியை முதுகுப் பக்கம் வைத்தால் புகை சுழன்று முகத்துக்கே வரும், பக்கவாட்டில் வையுங்கள். குளோரின் கலந்த கிரீஸ் நீக்கிகளால் துடைத்த தகடு காயாமல் இருந்தால், மின்வில்லின் புற ஊதாக் கதிர் அந்த நீக்கியின் ஆவியை ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக்கிவிடும்.

காலித் தோம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தோட்டத்துச் சிக்கன வாழ்க்கையில் டீசல் தோம்பை இரண்டாக வெட்டித் தண்ணீர்த் தொட்டி ஆக்குவது பழகிய வேலை. அடியில் ஒட்டிய ஒரு கரண்டி எண்ணெய் சூட்டில் ஆவியானால் தோம்பே குண்டாகும். கேஸ் சுவாலை தகட்டைத் துளைக்கச் சிறிது நேரம் எடுக்கும். பிளாஸ்மா நொடியில் துளைத்து, உள்ளே காற்றையும் ஊதுகிறது. எரிபொருள் இருந்த தோம்பை வெட்டவே வேண்டாம். செம்பனை ஆலையின் கழிவுத் தொட்டிகளில் புளித்த கழிவிலிருந்து மீத்தேன் எழும். வாயு சோதிக்கும் அங்கீகாரம் பெற்றவர் அளந்து, அனுமதித் தாள் எழுதிய பின்னரே அங்கே டார்ச் போகலாம். பொறி பத்து மீட்டர் தூரம்கூடப் பறக்கும். காய்ந்த நார்க் குவியல் பக்கத்தில் இருந்தால், வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது ஒருவர் காவல் நிற்க வேண்டும்.

சட்டமும் இப்போது துணைக்கு இருக்கிறது. 2024 ஜூன் 1 முதல், மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துவிட்டது. ஐந்து பேர் வேலை செய்யும் சிறு பட்டறையும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால் அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. முதலாளியிடம் சம்பளம் வாங்குபவருக்குச் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டப்படுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தனியாக கிரில் வேலை எடுத்துச் செய்பவர்களை அது தானாகச் சேர்க்காது. 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவர்களே போய்ப் பதிந்து சந்தா கட்ட வேண்டும்.